பட்டி பார்த்த ஆமை

என் தம்பிக்கு உடைந்ததைச் சரிசெய்யத் தெரியாது. உடைந்தது வெளியே தெரியாமல் செய்யத் தெரியும். அதற்குத்தான் ஊரே அவனைத் தேடி வந்தது.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு டிங்கரிங், பெயின்டிங் செய்கிறான். மரத்தில் மோதிய கார், சுவரில் உரசிய வேன், மச்சான் கையில் கொடுத்து நாசமான பைக் எல்லாம் அங்கேதான் வரும். நெளிந்த இடத்தைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டுவான். மிச்சப் பள்ளத்தில் பட்டியை அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து, அதற்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு கொடுத்து அனுப்புவான். உள்ளே துரு அரித்துக்கொண்டு கிடக்கும். வெளியே முகம் பார்த்துத் தலை சீவலாம். அதனால் அவனுக்குப் பளபளா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கும் ரேஷன் அட்டைக்கும் மட்டும்தான் ஞாபகம்.

இது தொழிலால் வந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். ஏழு வயதிலேயே அப்பாவின் சுவர்க் கடிகாரத்தில் பந்தடித்துக் கண்ணாடியை உடைத்தான். உடைந்தது தெரியக் கூடாதென்று அதன்மேல் ஒரு அருவிப் படத்தை ஒட்டி வைத்தான். எட்டு மாதம் அந்தக் கடிகாரத்தில் மணி எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் அருவி நன்றாக இருக்கிறது என்றார்கள். எங்கள் பக்கத்தில் இது ரத்தத்தில் வருவது. அப்பாவின் சின்ன அண்ணன், காதில் சீழ் வடிந்ததற்கு இரண்டு வருடம் மஃப்ளர் கட்டி வைத்தியம் பார்த்தவர். தம்பி அந்த வம்சத்தின் கடைசி மாணிக்கம்.

அவன் வீட்டுக் கூடத்தில் ஒரு விரிசல் உண்டு. அதன்மேல் காலண்டர் தொங்கும். விரிசல் வளர வளரக் காலண்டரும் பெரிதாகும். இப்போது தொங்குவது ஒரு டயர் கம்பெனி கொடுத்தது, ஜமக்காளம் அளவு.

இவனுக்கு வாய்த்தவளோ எடைமேடையில் வேலை பார்க்கிறவள். லாரி ஏறி நிற்கும், அவள் எடையைப் பார்த்துச் சீட்டு எழுதித் தருவாள். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. மணலுக்குள் தண்ணீர் ஊற்றி வந்தவன், டிரைவர் இருக்கைக்கு அடியில் கல்லை வைத்து வந்தவன், எடைபோடும்போது நாலு ஆளை உள்ளே படுக்கவைத்து வந்தவன் என்று பார்க்காத ஆளில்லை. டிரைவர்கள் எடைக்காரம்மா என்பார்கள். முகத்தைப் பார்த்தே லோடு சொல்லிவிடுவாள். பளபளாவுக்கும் எடைக்காரிக்கும் முடிச்சுப் போட்டவள் நான்தான். எந்தத் தைரியத்தில் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் எடைமேடையில் ஒரு டப்பாவை விட்டுவிட்டுப் போனான். உள்ளே பிஸ்கட் அளவில் ஒரு தண்ணி ஆமைக்குஞ்சு. அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அது கழுத்தை நீட்டி எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எந்த வேலையும் செய்யாமல் உள்ளே இழுத்துக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். அவள் ஆபீஸ் மேனேஜரும் அப்படித்தானாம்.

மேனேஜருக்குப் பால்கனியில் தொட்டி. ஏறி உட்கார்ந்து வெயில் காய ஒரு செங்கல். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்குச் சமையலறைத் தராசில் ஏற்றி, எடையை ஒரு நோட்டில் எழுதுவாள். பதினோரு வருடமாக ஒரு ஞாயிறு விட்டதில்லை. தம்பியின் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் யோசிப்பாள். மேனேஜர் எடையைக் கேட்டால் கிராம் சுத்தமாக வரும்.

போன வருடம் அவர்கள் மகளுக்குப் பிரசவம். மகள் இருக்கும் ஊர் ரயிலில் ஒரு நாள் பயணம். எடைக்காரி ஒன்பது வாரம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். போகும்போது ஒரு தாளில் நாலு வரி எழுதிக் குளிர்பெட்டி மேல் ஒட்டினாள். தொட்டி பால்கனியிலேயே இருக்கட்டும், நேர் வெயில் படணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி மாத்தணும். கீரையும் சின்ன மீனும் போடுங்க, சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டில் ஒரு துண்டு தொட்டியிலேயே கிடக்கட்டும். பிரெட் போடாதீங்க.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் போன் பண்ணுவேன். எடை சொல்லணும்."

"சொல்லிடறேன்மா. நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றான் தம்பி.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, பார்த்துக்கங்க" என்றாள். ஆமையையா, அவனையா என்று சொல்லவில்லை.

அவள் ரயில் ஏறிய மூன்றாம் நாள், தம்பி பால்கனிச் சுவருக்குப் புது பெயின்ட் அடித்தான். அவளை அசத்தப் போகிறானாம். வெண்ணெய் நிறம். மேனேஜர் செங்கல்லில் இருந்து தண்ணீரில் குதித்ததும் சுவரில் அழுக்குத் தெறித்தது. உடனே தொட்டியைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டான். அங்கே வெயிலும் வராது, வெளிச்சமும் வராது. சுவர் பிழைத்தது.

தண்ணீர் மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. அதனால் அது நடக்கவில்லை. கீரை வாங்கக் கடை வரை போகணும், பிரெட் வீட்டிலேயே இருந்தது. ஆக நாலு வரியையும் ஒன்று விடாமல் தலைகீழாகச் செய்தான். அதில் ஒரு ஒழுங்கு இருந்ததை நான் மறுக்க மாட்டேன்.

எடையை மட்டும் ஒழுங்காகச் சொன்னான். கிளம்பும்போது ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம். முதல் ஞாயிறு ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து, அடுத்தது ஆயிரத்து இருநூறு, மூன்றாவது ஆயிரத்து நூற்று எழுபது. அவள் போனில் கத்தினாள். "வெயிலுக்குப் புழுங்குதும்மா, நானே ரெண்டு கிலோ இளைச்சிட்டேன்" என்றான். எடையை மறைக்க அவனிடம் பெயின்ட் இல்லை, அதனால்தான் உள்ளதைச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கே வாடை வந்தது. படிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். தண்ணீர் பழைய டீ நிறத்தில் இருந்தது. மேனேஜரின் ஓட்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, நடுவே அரிசி நுழையும் அளவுக்குக் குழிகள். விளிம்பை விரலால் தொட்டால் ஊறிப்போன அட்டை மாதிரி அமுங்கியது.

"டேய், இத டாக்டர்கிட்ட கொண்டு போடா."

"எதுக்குக்கா? ஓடுதானே? ஓடுங்கறது வெளிப்பக்கம். பாடி. உள்ள ஆளு நல்லாத்தான் இருக்காரு."

"நாறுதேடா!"

"அதுக்குத்தான் பட்டறைக்கு எடுத்துட்டுப் போறேன்."

நான் ஏதோ அங்கே வெயில் இருக்கும், காயவைக்கப் போகிறான் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தால், மேனேஜர் ஒரு பழைய கார் சீட்டில் உட்கார்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றிச் செய்தித்தாள். நாலு காலுக்கும் கையுறையின் விரல்களை வெட்டி மாட்டி, டேப் ஒட்டியிருந்தான். குழிகளில் எல்லாம் பட்டி அப்பி, காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து முடித்தாயிற்று. கையில் ஸ்ப்ரே கன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா பண்றே, பாவி!"

"தள்ளி நில்லுக்கா, சேலையில படும்."

பள்ளி வேனுக்கு அடித்தது போக மீந்த கரும்பச்சை. இரண்டு கை அடித்தான். மேலே கண்ணாடிப் பூச்சு. காய்ந்ததும் டேப்பை உரித்துவிட்டு, இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் காட்டினான். சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஓட்டில் என் முகம் தெரிந்தது. பட்டறைக்கு வந்த ஒரு டாக்சிக்காரர், "இதே கலர் நம்ம வண்டிக்கு வருமா அண்ணே?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து மேனேஜர் சாப்பாட்டைத் தொடவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது.

"புது பெயின்ட்டுக்கா. கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். ரெண்டு நாள்ல செட் ஆயிடும்" என்றான், ஏதோ அது புதுச் செருப்பு மாதிரி.

நாலாவது ஞாயிறு காலை பத்து மணி. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான். தராசில் மேனேஜரை ஏற்றினான். எண்ணைப் பார்த்ததும் அவன் முகம், லாட்டரி விழுந்தவன் முகமாக மாறிவிட்டது.

"ஆயிரத்து இருநூத்து எண்பத்தஞ்சு!" என்றான். "கேட்டியாம்மா? நீ போனப்ப இருந்ததவிட ஜாஸ்தி!"

அந்தப் பக்கம் பேரக்குழந்தை அழுவது கேட்டது.

"போன வாரம் என்ன சொன்னீங்க?"

"ஆயிரத்து நூத்து எழுபது."

"ஒரு வாரத்துல நூத்திப் பதினஞ்சு கிராம்."

"பாத்துக்க! நல்ல கவனிப்பு."

"என்னங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "ஒரு வாரத்துல நூத்திப் பதினஞ்சு கிராம் ஏறுற ஆமை கிடையாது. என்ன லோடு ஏத்தியிருக்கீங்க?"



"லோடா? என்னம்மா பேசுற? அது ஆமை, லாரி இல்ல."

"அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

அவன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். ஏழு வயதில் அந்த அருவிப் படத்துக்குப் பசை காய்ச்சிக் கொடுத்தவள் நான்தான். அந்த உரிமையில் கெஞ்சினான். மேனேஜர் தராசில் உட்கார்ந்து, வாயைத் திறந்து ஒரு மூச்சு விட்டது.

"பட்டி போட்டு பெயின்ட் அடிச்சிருக்கான்மா" என்றேன். "அடியில ஓடு அழுகுது. நாலு நாளா சாப்பிடல."



"அண்ணி, அவர்கிட்ட சொல்லுங்க. மேல ஏத்தினத எல்லாம் இறக்கச் சொல்லுங்க. நான் வர்றப்ப மேனேஜர் உயிரோட இருக்கணும். இல்லேன்னா எனக்கு இங்க பேரன் இருக்கான், கட்டில் இருக்கு. நான் அங்க வரல."

போன் வைக்கப்பட்டது. அவள் மிரட்டுகிறவள் இல்லை. எடைச்சீட்டு எழுதுகிறவள். எழுதினால் எழுதியதுதான்.

தம்பி அன்றைக்கே ஓடினான் என்று நினைக்கிறீர்களா? முதலில் பெயின்ட்டைக் கரைக்க ஒரு பாட்டில் தின்னரை எடுத்துக்கொண்டு வந்தான். நல்ல வேளை, நான் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் கூடையில் துணி விரித்து, மேனேஜரைத் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். மேனேஜரைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, அதன் ஓட்டில் தன் முகத்தையே பார்த்தாள்.

"வண்டி ஜோரா இருக்கு" என்றாள். "உள்ள உயிர் இருக்கான்னு யாராவது பார்த்தீங்களா?"

"ஓடு கொஞ்சம் டல்லா இருந்துச்சு டாக்டர். அதான் வெளிப்பக்கம் மட்டும்..."

"வெளிப்பக்கமா? சார், ஓடு அது மாட்டியிருக்கிற சட்டை இல்ல. அதோட முதுகெலும்பும் விலா எலும்பும் இதுல ஒட்டியே இருக்கு. தொட்டா அதுக்குத் தெரியும். வெயில் படாம, சுண்ணாம்புச் சத்து இல்லாம ஓடு இளகிப் போச்சு. அழுக்குத் தண்ணில அந்தக் குழில கிருமி பூந்திருக்கு. நீங்க அத உள்ள வச்சு மூடி, மேல சீல் வச்சிட்டீங்க."

தம்பி கையுறை விரல்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், காலில் ஒரு சொட்டுகூடப் படவில்லை என்று. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தின்னர் ஏதும் போட்டீங்களா?"

"இல்ல" என்றேன், பாட்டிலைப் பிடுங்கிய பெருமையில்.

"போட்டிருந்தா இங்க கொண்டு வந்திருக்க வேண்டாம்."

குழிகளின் மேலிருந்த பட்டியை அவளே கூரான ஒரு சின்னக் கருவியால் நெம்பி எடுத்தாள். ஏழு குழி. ஒவ்வொன்றிலும் மஞ்சளாகச் சீழ் மாதிரி ஏதோ இருந்தது, அதன் நாற்றம் என் மூக்கைவிட்டு இரண்டு நாள் போகவில்லை. கழுவி மருந்து வைத்தாள். ஊசி ஒன்று போட்டாள். பிறகு சொன்னாள்: மிச்ச பெயின்ட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தபடியே சுரண்டணும். மூங்கில் குச்சியால். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், அதற்குமேல் அது தாங்காது. நாள் முழுக்க ஈரம் படாத பெட்டியில் வைக்கணும், அரை மணி நேரம் மட்டும் சுத்தத் தண்ணீரில் விடணும், அப்போதுதான் குடிக்கும், தின்னும். கண்ணாடி வழியாக வருகிற வெயில் கணக்கில் சேராது, நேராகப் படணும். குழிகளைத் தினமும் பார்த்து எழுதணும்.

"பிழைக்குமா டாக்டர்?" என்று கேட்டான். முதல் முறையாக அவன் குரல் பளபளப்பில்லாமல் இருந்தது.

"நீங்க இனிமே அதை அழகு பண்ணாம இருந்தா, பாதிக்குப் பாதி."

ஆயுள் முழுக்க மூடித்தான் பழக்கம். சுரண்ட உட்கார்ந்தான். பால்கனியில் ஒரு முக்காலி, மடியில் துண்டு, துண்டில் மேனேஜர், கையில் தீக்குச்சி நுனியாகச் சீவிய மூங்கில். காலை பத்து நிமிஷம், சாயந்திரம் பத்து நிமிஷம். கரும்பச்சை பொட்டுப் பொட்டாக உதிரும். எங்கெல்லாம் உதிர்ந்ததோ அங்கெல்லாம் அசிங்கம் வெளியே வரும். பத்து நிமிஷத்துக்கு முப்பது தடவை உச்சுக் கொட்டுவான். தன் கையால் ஒரு வேலையை அழகு கெடுப்பது அவனுக்குப் பல் பிடுங்குவதைவிட மோசம்.

அந்த டாக்சிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, நம்ம வண்டி மூணு நாளா அப்படியே நிக்குது."

"இரு. முதல்ல மேனேஜர முடிக்கணும்."

"ஆபீஸ்ல ஏதும் பிரச்சனையா அண்ணே?"

"முதுகுல பிரச்சனை" என்றான் தம்பி, தலை நிமிராமல்.

அடுத்த ஞாயிறு பட்டி போன எடை ஆயிரத்து நூற்று அறுபது. அதற்கடுத்த ஞாயிறு, பெயின்ட்டும் பாதி போய் ஆயிரத்து நூற்று இருபத்தைந்து. போனில் அவள் இரண்டே கேள்வி கேட்டாள்.

"குழி எத்தனை?"

"ஏழு."

"ஆழம்?"

அவன் மேனேஜரை வெளிச்சத்தில் திருப்பினான். "நடுவுல இருக்கறதுல குண்டூசித் தலை உள்ள போகும். மத்ததுல அரிசி. ஓரத்துல ஒண்ணு இன்னும் ஈரமா இருக்கு. நாத்தம் கொஞ்சம் இருக்கு."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பொருளில் எத்தனை ஓட்டை, எத்தனை ஆழம் என்று அவன் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கூடத்துக் காலண்டருக்குப் பின்னால் எத்தனை ஆழம் என்று நானும் கேட்டிருக்கலாம். பாவம், ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று விட்டுவிட்டேன்.

ஏழாவது வாரம் ஆயிரத்து நூற்று இருபது. நான் மனதைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். அந்தப் புதன்கிழமை மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து, தம்பியின் சுண்டுவிரலைக் கவ்வியது. ரத்தமே வந்துவிட்டது.

"அக்கா! கடிக்குதுக்கா!" என்று கூத்தாடினான். "பசிக்குதுக்கா அதுக்கு!"

விரலில் கட்டுப் போட்டுவிட்டுக் கீரை வாங்க ஓடினான். அந்த ஓட்டத்தை அவன் கல்யாணத்தன்று கூட ஓடவில்லை. எட்டாவது வாரம் ஆயிரத்து நூற்று முப்பது. பால்கனிச் சுவரின் வெண்ணெய் நிறமெல்லாம் தண்ணீர்க் கறை. அவன் அதைத் துடைக்கவே இல்லை.

திருந்திவிட்டான் என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். அவள் வருகிற அன்று காலையில் போய்ப் பார்க்கிறேன், ஒரு கையில் மேனேஜர், இன்னொரு கையில் மெழுகு பாலீஷ் டப்பா. ஓட்டில் இடுக்குகளில் மட்டும் பச்சை ஒட்டிக்கொண்டு, ஏழு வடுவோடு, சொறி பிடித்த தேங்காய்மூடி மாதிரி இருந்தது மேனேஜர்.

"லேசா ஒரு கைக்கா. பார்க்க ஒரு இதா இருக்கும்."

"போடு. அவ திரும்பிப் போறதுக்கு நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்."

டப்பாவை வைத்தான். ஆனால் கை சும்மா இருக்குமா? அடுத்த இரண்டு மணி நேரத்தில் மேனேஜரின் தொட்டிக்கு வெளிப்பக்கம் முழுக்கப் பாலீஷ் போட்டுவிட்டான். செங்கல்லுக்கும் போட்டிருப்பான், நான் விடவில்லை.

மத்தியானம் அவள் வந்தாள். இரண்டு பையையும் வாசற்படிக்கு வெளியிலேயே வைத்தாள். உள்ளே கொண்டுவரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கறை பிடித்த சுவரைப் பார்த்தாள். மின்னுகிற தொட்டியைப் பார்த்தாள். மேனேஜரைத் தூக்கித் திருப்பி, ஒவ்வொரு குழியாக விரலால் தடவினாள். விளிம்பை அழுத்திப் பார்த்தாள். அமுங்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றாள், தராசைத் தொடாமல்.

"ஆயிரத்து நூத்து நாப்பத்தஞ்சு" என்றான் தம்பி. "காலையில, சாப்பாட்டுக்கு முன்னாடி. ஓர வடு இன்னும் முழுசா ஆறல. இனிமே முன்ன இருந்த மாதிரி ஓடு வராதாம், டாக்டர் சொல்லிட்டாங்க."

மேனேஜரைத் தராசில் வைத்தாள். அது கழுத்தை நீட்டி எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தது. எண் ஓடி ஓடி ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்தில் நின்றது.

அவள் நோட்டை எடுத்து எழுதினாள். எழுதிய மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப அசிங்கமா இருக்கு" என்றாள்.

"ஆமா" என்றான்.

"பையை உள்ள கொண்டு வந்து வைங்க."

அவன் பாய்ந்து போய் இரண்டு பையையும் ஒரே தூக்காகத் தூக்கிவந்தான். கூடத்தைத் தாண்டும்போது பெரிய பையின் முனை பட்டு, ஜமக்காளம் அளவு காலண்டர் ஆணியோடு கழன்று கீழே விழுந்தது. விரிசல் மேலிருந்து கீழ்வரை, என் உள்ளங்கை நுழையும் அகலத்துக்கு, வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

தம்பி காலண்டரை எடுக்கக் குனிந்தான். எடைக்காரி பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"ஆழம் எவ்வளவுன்னு பாருங்க" என்றாள்.